ஸ்டெல்வியோ: 48 வளைவுகளுக்கு ஒரு திட்டம்

வரைபடத்தில் பார்த்தால் 24 கிலோமீட்டர்தான். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிடும் தூரம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு சைக்கிளில் போகலாம் என்று முடிவெடுத்த அன்று அந்த எண் மட்டும்தான் கண்ணில் பட்டது. அப்புறம்தான் உயரத்தைப் பார்த்தேன். அடிவாரத்துப் பிராட்டோ கிராமம் சுமார் 900 மீட்டர் உயரத்தில், கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில். கழித்துப் பார்த்ததும் போட்டிருந்த திட்டம் மொத்தமும் மாறியது. மலைச்சாலைக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் உயரம் ஏறுவோம் என்பதுதான் கணக்கு.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஏற்றத்தில் பல வாரம் ஏறி இறங்கினேன். மூச்சிரைக்காமல், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் எனக்கு மணிக்கு 600 மீட்டர் வந்தது. அப்படியானால் ஸ்டெல்வியோவுக்கு மூன்று மணி நேரம், நடுவில் நிற்கும் நேரம் தனி. சராசரிச் சரிவு ஏழரை சதவீதத்துக்குப் பக்கம் என்பதால் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர்தான் இருக்கும்.

இந்த 8 என்ற எண்ணிலிருந்துதான் கியர் முடிவானது. முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28 பல் வைத்திருந்தேன். அந்தக் கியரில் 8 கிலோமீட்டர் வேகத்துக்குப் பெடல் நிமிடத்துக்கு 52 முறைதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் முழங்காலை அழுத்தும். மூன்று மணி நேரம் தாங்காது. பின்னாலும் 34 பல் போட்டால் அதே வேகத்துக்கு 63 சுற்று. செயினையும், அதைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் டீரெய்லரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. இந்தப் பயணத்துக்காகச் செய்த செலவுகளில் இதைத்தான் முதலில் சொல்வேன். எடை குறைந்த சக்கரமெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எந்த நாள் என்பதை விட எந்த நேரம் என்பது முக்கியம். பனியால் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும் சாலை ஜூன் வாக்கில் திறக்கும். ஜூலை, ஆகஸ்டில் பகல் ஏற ஏற மோட்டார் சைக்கிள்கள் நிறைந்துவிடும். பிற்பகலில் இடி மழையும் வரலாம். கோடையின் கடைசியில் ஒரு நாள் மோட்டார் வாகனங்களை நிறுத்திவிட்டு சாலையை சைக்கிள்காரர்களுக்கே விடுகிறார்கள். அந்தக் கூட்டம் வேண்டாம் என்று செப்டம்பரில் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுத்தேன். விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

தொடக்கத்தில் ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்குச் சாலை, ஒரு கொண்டை ஊசி வளைவுகூட இல்லை. கால் துடிக்கும், வேகமாகப் போகச் சொல்லும். போகக் கூடாது. கோமகோயி கிராமத்தைத் தாண்டிய பிறகு முதல் வளைவில் 48 என்ற எண் வரும். எண்கள் இறங்குவரிசையில் இருப்பதால் இன்னும் எத்தனை பாக்கி என்பதை ஒவ்வொரு வளைவும் சொல்லிவிடும். 1820 முதல் 1825 வரை, வட இத்தாலியின் லொம்பார்டி பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தபோது, கார்லோ டொனேகானி என்ற பொறியாளர் வகுத்த பாதை இது. குதிரை வண்டிக்காகப் போட்ட சாலை என்பதால்தான் சரிவு எங்கேயும் எல்லை மீறிப் போவதில்லை என்று நினைக்கிறேன். 1953இல் ஜீரோ தி இத்தாலியா என்ற இத்தாலிய சைக்கிள் பந்தயத்தில் ஃபவுஸ்டோ கோப்பி என்ற வீரர், போட்டியாளர் ஹ்யூகோ கோப்லட்டை விட்டு விலகி முன்னேறியது இதே ஏற்றத்தில்தான். அப்போது சாலையில் தார்கூடக் கிடையாது.

வளைவுகளில் ஒரு சூட்சுமம் பிடிபட்டது. அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும். அதனால் இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளி ஓரத்தில் இருப்போம். சாலை கிட்டத்தட்ட சமமாகிவிடும். தண்ணீர் குடிக்க, தோளைத் தளர்த்த அதுதான் இடம். வலப்பக்க வளைவில் உள் ஓரம் செங்குத்தாக எழும், அதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பத்து வளைவுக்குள் இது பழக்கமாகிவிட்டது.

ஃப்ரான்சென்ஸ்ஹோஹே என்ற இடத்தில், சுமார் 2,190 மீட்டரில், மரங்கள் முடிந்துவிட்டன. நிமிர்ந்தால் மிச்சச் சாலை முழுக்க ஒரே சுவரில் மடித்து மடித்து ஒட்டியதுபோல் தெரிந்தது. இடப்பக்கம் 3,905 மீட்டர் ஓர்ட்லர் சிகரமும் பனிப்பாறைகளும். அங்கே ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். சவாரி முழுவதிலும் மறுபடி போய் நிற்க ஆசைப்படும் இடம் அதுதான்.

உச்சியை அடைந்தபோது மூன்றே கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குளிர் கூடும் என்ற கணக்கில் அடிவாரத்தை விட 12 டிகிரி குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஏறும்போது அது தெரியாது. இறங்கும்போது வியர்த்த உடம்பில் காற்று மோதும். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது. அதனால் முதுகுப் பையில் காய்ந்த உள்சட்டை, காற்றுத் தடுப்பு ஜாக்கெட், முழு விரல் கையுறை மூன்றும் வந்திருந்தன. நின்ற இரண்டாவது நிமிடமே மூன்றையும் போட்டுக்கொண்டேன்.

வந்த வழியே திரும்பாமல் அம்பிரைல் கணவாய் வழியாக சுவிட்சர்லாந்துக்குள் இறங்கி, சாந்தா மரியா கிராமத்தைத் தொட்டு மறுபடி பிராட்டோவுக்கு வந்தேன். சுற்று மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர். வளைவுக்கு முன் இறுக்கிப் பிடித்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டு, அடுத்ததுக்கு முன் மறுபடி பிடித்து இறங்கினேன். சாந்தா மரியாவில் கையுறையைக் கழற்றியபோது விரல்கள் சூடாகவே இருந்தன.