கோமாரி கொண்டுபோனது எவ்வளவு?

குறிஞ்சிப்பாடியில் எங்கள் கறவை மாட்டுக்குக் கோமாரி வந்தபோது, அது வாயில் நுரை வழிய, புண்பட்ட குளம்பைத் தூக்கித் தூக்கி வைத்து நின்றதை நான் மறக்கவில்லை. மருந்துச் செலவை அப்பா நாட்குறிப்பில் எழுதினார். குறைந்த பாலையும், தள்ளிப்போன சினையையும், அம்மா இழந்த கூலி நாட்களையும் எவரும் எழுதவில்லை.

உலக விலங்கு சுகாதார அமைப்பும் லிவர்பூல் பல்கலைக்கழகமும் முன்னின்று நடத்தும் விலங்கு நோய்ச் சுமைத் திட்டம், நோயே இல்லாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உற்பத்தியோடு இன்றைய உற்பத்தியை ஒப்பிட்டு, அந்த இடைவெளியுடன் தடுப்பூசி, சிகிச்சைச் செலவுகளையும் சேர்த்தே இழப்பைக் கணக்கிடுகிறது. அம்மாவின் கூலியையும் இதில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் அடையாள வில்லை ஏற்கெனவே இருக்கிறது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் இருவேளையும் ஊற்றும் பாலின் அளவை அந்த எண்ணோடு இணைத்தாலே, கோமாரியால் பால் குறைந்த வாரம் தானாகத் தெரியும்.