அலெக்சாந்திரியா முதல் குவைத் வரை: அரபுப் பண்பாட்டு மாற்றத் தாளை நான் படித்த விதம்

மேற்காசிய ஆய்வுகளில் முதுகலை படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது, நவீன அரபுச் சமூகமும் பண்பாட்டு மாற்றமும் பற்றிய தாளை எப்படிப் படிப்பது என்றுதான். அரசியல் வரலாற்றுத் தாளில் போரும் ஒப்பந்தமும் வரிசையாக நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு எழுதிவிடலாம். இந்தத் தாளில் அப்படிப் பிடிமானம் கிடைப்பதில்லை. அதனால் பலரும் ஒரே கதையை எழுதுகிறார்கள்: மேற்கத்திய நாகரிகம் வந்தது, மரபு எதிர்த்தது, அரபுச் சமூகம் இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறது. இதற்கு மதிப்பெண் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் நடந்தது இதுவல்ல என்பது எனக்குப் படிக்கப் படிக்க உறுதியானது.

நான் பின்பற்றிய வழி எளிமையானது. ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வேன். பல மொழிக்காரர்கள், பல மதத்தார் அங்கே சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று புத்தகம் சொல்லும். உடனே கேட்க வேண்டியது: அவர்களுக்குள் வழக்கு வந்தால் யார் எந்த நீதிமன்றத்துக்குப் போனார்கள்? யாருக்கு எந்த நாட்டுக் குடியுரிமை? காஸ்மோபாலிட்டன் என்று நாம் சொல்லும் வாழ்க்கை இந்தச் சட்டங்களின் மேல்தான் நின்றது. இதைப் பிடித்துவிட்டால் உணவு, உடை, இசை, பத்திரிகை எல்லாம் தானாகத் தம் இடத்தில் வந்து அமரும்.

எகிப்தின் துறைமுக நகரமான அலெக்சாந்திரியாவை முழுதாகப் படியுங்கள். பத்து நகரங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட இந்த ஒன்றை ஆழமாகப் படித்தால் பாதித் தாள் முடிந்த மாதிரி. 1805-இல் ஆட்சிக்கு வந்த முகம்மது அலி காலத்தில், 1820 வாக்கில், மஹ்மூதிய்யா கால்வாய் நகரத்தை நைல் நதியோடு இணைத்தது. சிற்றூராகச் சுருங்கிக் கிடந்த துறைமுகம் மீண்டும் எழுந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பருத்தி வரத்து நின்றுபோக, எகிப்துப் பருத்திக்கு விலை ஏறியது. கிரேக்கர், இத்தாலியர், சிரிய லெபனானியர், யூதர், ஆர்மீனியர், மால்டாக்காரர் எனப் பலரும் வந்து குடியேறினார்கள்.

இப்போது சட்டத்துக்கு வாருங்கள். உஸ்மானியப் பேரரசு ஐரோப்பிய நாடுகளுக்குக் கொடுத்திருந்த சலுகை ஒப்பந்தங்களின்படி, அயல்நாட்டுக் குடியுரிமை உள்ளவர் குற்றம் செய்தால் அவரை விசாரிப்பது அவருடைய நாட்டுத் தூதரகம். எகிப்தியருக்கும் அயல்நாட்டவருக்கும் இடையிலான சிவில், வணிக வழக்குகளுக்கு 1876-இல் கலப்பு நீதிமன்றங்கள் செயல்படத் தொடங்கின. அங்கே பெரிதும் புழங்கிய மொழி பிரெஞ்சு. ஆகவே இந்தச் சலுகைக்காக ஐரோப்பியக் கடவுச்சீட்டைத் தேடிப் பெற்ற உள்ளூர்க் குடும்பங்களும் இருந்தன. வணிகரின் சொத்துக்கு அது பெரிய காப்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எகிப்தியருக்கு அந்தக் காப்பு இல்லை. 1927-இல் கூட நகர மக்களில் அயல்நாட்டுக் குடியுரிமையாளர் ஐந்தில் ஒரு பங்கைத் தொடவில்லை என்பதை விடையில் கட்டாயம் குறிப்பிடுங்கள். பழைய அலெக்சாந்திரியாவைப் பற்றிய ஏக்கக் குறிப்புகள் பலவற்றில் மீதி நான்கு பங்கினர் கண்ணிலேயே படுவதில்லை.

அந்த நான்கு பங்கைக் காட்ட எனக்கு உதவியவர் சையித் தர்வீஷ். 1892-இல் அலெக்சாந்திரியாவின் கோம் அல் திக்கா பகுதியில் ஏழை வீட்டில் பிறந்து, கட்டட வேலை செய்துகொண்டே பாடியவர். எகிப்தின் இன்றைய தேசிய கீதத்தின் மெட்டு அவருடையது. அதே நகரத்தில், அதே ஆண்டுகளில், நீர்ப்பாசனத் துறை அலுவலகத்தில் வேலை பார்த்தபடி கிரேக்கத்தில் கவிதை எழுதிக்கொண்டிருந்தார் கவாஃபி. இருவரையும் ஒரே பத்தியில் வைத்து எழுதுங்கள். ஒரே ஊரில் இரண்டு உலகங்கள் இருந்தன என்பதைத் தேர்வாளருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதற்காக எல்லாமே காலனிய ஏற்பாடு என்று மறுகோடிக்கும் போய்விடாதீர்கள். அரபு மொழிக்குள்ளேயே பெரிய மாற்றம் இந்தத் துறைமுகத்தில் நடந்தது. அல் அஹ்ராம் பத்திரிகையை 1875-இல் நிறுவியவர்கள் லெபனானிலிருந்து வந்த தக்லா சகோதரர்கள். தொடங்கிய இடம் அலெக்சாந்திரியா. 1892-இல் ஹிந்த் நவ்ஃபல் நடத்திய பெண்களுக்கான முதல் அரபுப் பத்திரிகையும் அங்கிருந்துதான் வந்தது. புலம்பெயர்ந்து வந்த அரபு மொழிக்காரர்கள், அரபு வாசகர்களுக்காக, அரபிலேயே செய்தவை இவை. ‘மேற்கத்தியமயமாதல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவற்றை அடைத்தால் ஹிந்த் நவ்ஃபலுக்கு நாம் அநியாயம் செய்கிறோம். இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும்.

முடிவையும் சட்டத்தின் வழியே சொல்லுங்கள். அந்தச் சலுகை ஒப்பந்தங்களை முடிவுக்குக் கொண்டுவந்த 1937 மோன்ட்ரோ உடன்படிக்கை, 1949-இல் கலப்பு நீதிமன்றங்கள் மூடப்பட்டது, நிறுவனங்களில் பெரும்பான்மை ஊழியர் எகிப்தியராக இருக்க வேண்டும் என்ற 1947 சட்டம், 1956 சூயஸ் போரை ஒட்டி பிரிட்டிஷ், பிரெஞ்சுக் குடிமக்களும் யூதர் பலரும் வெளியேற்றப்பட்டது, 1961-இன் தேசியமயமாக்கல். இவற்றை வரிசையாக வைத்தால், எல்லாவற்றையும் எகிப்து அதிபர் நாசர் ஒரே நாளில் கலைத்துவிட்டார் என்ற எளிய விளக்கம் நிற்காது என்பது தெரியும்.

பக்தாத்தைத் துணை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள், நீட்ட வேண்டாம். 1932-இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டுக்கு ஈராக்கிலிருந்து போன குழுவில் பாடகர் முகம்மது அல் குப்பாஞ்சி முஸ்லிம். வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் யூதர். 1941-இல் பக்தாத் யூதர்களைத் தாக்கிய ஃபர்ஹூத் கலவரம். 1950-இல், நாட்டை விட்டுப் போக விரும்பும் யூதர் குடியுரிமையைக் கைவிடலாம் என்ற சட்டம். ஓராண்டு சொச்சத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். இங்கே எண்ணிக்கையைவிட அந்த இசைக்குழுவை எழுதுவதே எனக்குச் சரியாகப் பட்டது.

வளைகுடாப் பகுதியில் நமக்கு ஒரு வசதி உண்டு. இக்காமா (தங்கும் அனுமதி), கஃபீல் (வேலைக்கு அழைத்து விசாவுக்குப் பொறுப்பேற்பவர்) என்பவை நம் ஊர்களில் பலர் வீட்டில் புழங்கும் பேச்சு. அந்த அறிவைத் தயங்காமல் பயன்படுத்துங்கள், ஆனால் எண்ணெய்க் காலத்தோடு தொடங்காதீர்கள். முத்து வணிகம் பம்பாயை நம்பி நடந்த காலத்திலேயே குவைத், பஹ்ரைன், துபாய் துறைமுகங்களில் பாரசீகர், அரேபியாவின் உட்பகுதியான நஜ்திலிருந்து வந்தவர்கள், இந்திய வணிகர், ஆப்பிரிக்க வம்சாவளியினர் என எல்லாரும் இருந்தார்கள். அங்கே இந்திய ரூபாய்தான் ஓடியது. 1959-இல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டை இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்டது. குவைத் 1961-இல் சொந்த தினாருக்கு மாறியது.

அதே 1959-இல்தான் குவைத்தின் குடியுரிமைச் சட்டமும் வந்தது. 1920-க்கு முன்பே குடியேறி அங்கேயே வாழ்ந்து வந்தவர்கள் மூலக்குடிமக்கள் ஆனார்கள். பல இடங்களிலிருந்து வந்து கலந்திருந்த ஊர், ‘குடிமக்கள்’ என்றும் ‘மற்றவர்கள்’ என்றும் இரண்டாகப் பிரிந்தது. எதிலும் சேராமல் நின்ற பிதூன் மக்கள் இன்றும் நாடற்றவர்களாக இருக்கிறார்கள். வெளியாட்கள் பெருகப் பெருக, வெள்ளை திஷ்தாஷா (ஆண்கள் அணியும் நீண்ட அங்கி) குடிமகனின் அடையாளமாக இறுகியதையும் இதோடு சேர்த்து எழுதலாம். உடையில் வந்த மாற்றத்தைக் குடியுரிமையோடு சேர்த்துப் பார்க்கும் பத்தி இது. என் விடைகளில் எனக்கு மிகப் பிடித்த பத்தியும் இதுதான்.

சவூதி பற்றிக் கேட்டால் 2018-ஐ மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். திரையரங்குகள் திறந்ததும் பெண்களுக்கு வாகனம் ஓட்ட அனுமதி கிடைத்ததும் அந்த ஆண்டில்தான். ஆனால் 1990 நவம்பரிலேயே ரியாதில் 47 பெண்கள் தடையை மீறிக் கார் ஓட்டிப் போனார்கள். அதற்காக வேலையும் மரியாதையும் இழந்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் இல்லாமல் எழுதினால் மாற்றம் அரண்மனையிலிருந்து மட்டும் வந்தது போல ஆகிவிடும்.

விடை எழுதும் முறையில் ஒன்றிரண்டு. வரையறையோடு தொடங்காமல் ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒரு சட்டம் என்று தொடங்குங்கள். ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு தாள் ஒதுக்கி, இடப்பக்கம் சட்டங்களையும் வலப்பக்கம் அதே ஆண்டுகளில் வந்த பத்திரிகை, பள்ளி, பாடகர், உடை மாற்றத்தையும் குறித்து வையுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் எனக்கு அந்தத் தாள்கள் போதுமானதாக இருந்தன. தமிழில் எழுதுபவர்கள் அரபுப் பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் கடைசி வரை எழுதுங்கள்.

நேர்முகத் தேர்வில் ‘துபாய் காஸ்மோபாலிட்டன் நகரமா?’ என்று கேட்பார்கள். ஆம், இல்லை என்று உடனே சொல்ல வேண்டாம். அமீரகத்தில் வாழ்வோரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் குடிமக்கள் அல்லர் என்பதிலிருந்து தொடங்குங்கள். தூதரக நீதிமன்றக் காலத்து அலெக்சாந்திரியாவில் அயல்நாட்டவருக்குச் சட்டம் கூடுதல் சலுகை தந்தது. துபாயில் தங்கும் உரிமையே விசாவோடு முடிகிறது. இந்த வேறுபாட்டை இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் பெய்ரூத்துக்குப் போகும். 1866-இல் தொடங்கிய சிரிய புரொட்டஸ்டன்ட் கல்லூரியையும் (இன்றைய பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகம்), 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரையும் அதற்குத் தயாராக வைத்திருங்கள்.