விலங்கியலா, புள்ளியியலா, ரெண்டுமா?

மே 8, 2025, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. அண்ணன் மகள் நல்ல மார்க். அண்ணன் கையோடு "கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்று முடிவே கட்டிவிட்டார். பாப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "விலங்கியலும் வேணும், புள்ளியியலும் வேணும் அத்தை. ரெண்டையும் மெயினா எடுக்க முடியாதா?" என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

வழி இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரையறைப்படி நான்காண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு). இரட்டை மேஜர், அதாவது ரெண்டு மெயின் என்று பட்டம் வாங்க, மொத்த கிரெடிட்டில் குறைந்தது 40 சதவீதத்தை இரண்டாவது பாடத்தில் எடுத்திருக்க வேண்டும், அதாவது 64 கிரெடிட். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் இந்த ஏற்பாடு இல்லை. மூன்று வருஷம், ஒரு மெயின், கூட அலைடு என்கிற துணைப்பாடம், அவ்வளவுதான்.

இன்னொரு வழி, ஒரே சமயத்தில் ரெண்டு டிகிரி. 2022 ஏப்ரலிலிருந்து யுஜிசி அனுமதிக்கிறது. ரெண்டுமே கல்லூரிக்குப் போய்ப் படிப்பதென்றால் வகுப்பு நேரம் மோதக் கூடாது. இல்லையென்றால் ஒன்றைத் தொலைநிலையில் படிக்கலாம். விலங்கியலில் பிராக்டிகல், ரெக்கார்டு நோட்டு என்றே பாதி நாள் போய்விடும். அதற்கு மேல் இன்னொரு டிகிரியின் அசைன்மெண்டும் தேர்வும் சேர்ந்தால் பிள்ளை எதையும் ஊன்றிப் படிக்க மாட்டாள். பயோடேட்டாவில் ஒரு வரி கூடுவதற்காக என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மே 17, சனி

காலையில் அவளோடு கடலூர் முதுநகர் துறைமுகம் போனேன். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. ஃபைபர் படகில் வந்த மத்திதான் கூடை கூடையாக ஏலம் போனது. பாப்பா ஒரு அக்காவிடம் கேட்டுக் கூடையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீனை எடுத்து, பள்ளிக்கூட ஸ்கேலால் மூக்கு நுனியிலிருந்து வால் வரை அளந்து நோட்டில் எழுதினாள். விரலெல்லாம் செதில். "எல்லாக் கூடையையும் அளக்க முடியாது. எத்தனை கூடை பார்த்தா போதும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. இவளுக்கு இருப்பது ரெண்டு ஆசையில்லை, ஒரே கேள்வி. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் கரைக்கு வரும் ஒவ்வொரு படகையும் எண்ணுவதில்லை. சில இறங்குதளங்கள், சில நாட்கள் என்று மாதிரி எடுத்து, அதிலிருந்துதான் மொத்தப் பிடிப்பைக் கணிக்கிறார்கள். மீனும் தெரிய வேண்டும், கணக்கும் தெரிய வேண்டும். இப்படிச் சேரும்போதுதான் ரெண்டு பாடம் படிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மே 18, ஞாயிறு

அண்ணன் வீட்டில் ராத்திரி வரை பேச்சு. "விலங்கியல் படிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?" என்று அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. வாத்தியார் வேலை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, விலங்கியல் முடித்துவிட்டு அங்கே எம்.எஸ்சி. போகலாம் என்றேன். பக்கத்திலேயே இருக்கும் இடம், அவருக்குத் தெரியவே தெரியாது. புள்ளிவிவரத்தைக் கையாளத் தெரிந்த உயிரியல்காரிக்கு ஆராய்ச்சியில் மதிப்பு அதிகம் என்பதையும் சொன்னேன். அண்ணி, "அவ இஷ்டப்படி படிக்கட்டுமே" என்றார். அண்ணன் எதுவும் சொல்லாமல் சாப்பிட எழுந்தார்.

மே 25, ஞாயிறு

விண்ணப்பம் போட்டாயிற்று. முதல் விருப்பம் விலங்கியல், இரண்டாவது புள்ளியியல், மூன்றாவது அண்ணனுக்காகக் கம்ப்யூட்டர் சயின்ஸ். விலங்கியல் கிடைத்தால் புள்ளியியலை ஸ்வயம் என்கிற மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளத்தில் ஒவ்வொரு பாடமாக எடுப்பாள். முதல் செமஸ்டரில் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். புள்ளியியல் கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்டாள். தாராளமாகச் சேரலாம், ஆனால் எம்.எஸ்சி. கடல் உயிரியலுக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று பரங்கிப்பேட்டைக்கே நேரில் போய் விசாரித்துவிட்டுத்தான் சேர வேண்டும். வருகிற வாரம் அண்ணனே கூட்டிக்கொண்டு போகிறாராம்.