குச்சிக்கிழங்குக்குள் மூன்று முடிச்சு

உயிர்வேதியியல் முதலாண்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது கார்போஹைட்ரேட் பாடத்தில்தான். ஆல்பா, பீட்டா, 1-4, 1-6 என்று எண்களாக மனப்பாடம் செய்து, தேர்வெழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். சேலத்துப் பிள்ளைகளும் அப்படி மறப்பதுதான் வருத்தமாக இருக்கிறது. ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து லாரி லாரியாக சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போகிற குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளிக்கிழங்கில், ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் அந்தப் பாடம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

குளுக்கோஸ் ஒன்றுதான். ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்ஸிஜன்; மூலக்கூறு எடை 180. அது வளையமாக மடங்கும்போது, வழக்கமாகப் படம் போடும் முறையில், 1ஆம் கார்பனின் ஹைட்ராக்சில் கீழே பார்த்தால் ஆல்பா, மேலே பார்த்தால் பீட்டா. கிழங்குக்குள் இந்த ஒரே குளுக்கோஸ் மூன்று விதமாக முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது; முடிச்சு என்று நான் சொல்வது வேதிப்பிணைப்பை. ஆல்பா முடிச்சால் கோத்தது மாவுச்சத்து. பீட்டா முடிச்சால் கோத்தது செல்லுலோஸ், ஆலையில் மாவுப்பால் எடுத்தபின் மிஞ்சுகிற திப்பியில் இருக்கும் நார். மூன்றாவதில் ஒரே ஒரு குளுக்கோஸ், அசிட்டோன் சயனோஹைட்ரின் என்ற சிறு மூலக்கூறோடு பீட்டா முடிச்சால் கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு லினமாரின் என்று பெயர். முதலாவது நமக்குச் சாப்பாடு, இரண்டாவது நமக்குச் சக்கை, மூன்றாவது நஞ்சு. எந்த முடிச்சை அவிழ்க்கிற நொதி யாரிடம் இருக்கிறது, அதை எங்கே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

மாவுச்சத்திலிருந்து தொடங்குவோம். இரண்டு குளுக்கோஸ் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அதனால் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியின் எடையும் 180 அல்ல, 162. இதைத் திருப்பிப் பார்த்தால் 162 கிராம் மாவுச்சத்து முழுதாக உடையும்போது 180 கிராம் குளுக்கோஸ் கிடைக்கும். கூடுதலாக வந்த 18 கிராம், முடிச்சு அவிழும்போது உள்ளே புகுந்த தண்ணீர். நீராற்பகுப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. குச்சிக்கிழங்கு மாவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அமைலோஸ், அதாவது ஒரு குளுக்கோஸின் 1ஆம் கார்பனை அடுத்ததன் 4ஆம் கார்பனோடு கட்டும் 1-4 முடிச்சுகளால் ஆன கிளையில்லாத நீள்சங்கிலி. மீதி அமைலோபெக்டின், 6ஆம் கார்பனில் விழும் 1-6 முடிச்சுகளில் கிளை பிரிந்தது.

ஆலை வாசலில் பேசப்படுகிற ‘பாயிண்ட்’ இந்த மாவுச்சத்தின் அளவுதான். 28 பாயிண்ட் என்றால் நூறு கிலோ கிழங்கில் 28 கிலோ மாவுச்சத்து. கிழங்கைக் காற்றில் ஒருமுறை, தண்ணீருக்குள் ஒருமுறை நிறுத்து அதைக் கணிக்கலாம்: மாவுச்சத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, ஆகவே மாவு கூடின கிழங்கு தண்ணீருக்குள்ளும் எடை காட்டும். மண் ஒட்டியிருந்தால் பாயிண்ட் பொய்யாக ஏறும், ஏனென்றால் மண் இன்னும் அடர்த்தியானது. வறட்சிக்குப் பின் நல்ல மழை பெய்து செடி துளிர்விட்ட நேரத்தில் தோண்டினால் பாயிண்ட் உண்மையாகவே இறங்கும். புதுத்துளிருக்கு வேண்டிய சர்க்கரையைச் செடி கிழங்கு மாவை உடைத்துத்தான் மேலே அனுப்புகிறது. விவசாயிக்கு நஷ்டமாகத் தெரிவது செடிக்குச் சேமிப்பிலிருந்து எடுத்த செலவு.

இனி அந்த முடிச்சு கண்ணெதிரே அவிழ்வதைப் பார்க்கலாம். ஒரு கிராம் கிழங்கு மாவை 10 மில்லி பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற 90 மில்லி தண்ணீரில் கலக்கியபடி ஊற்றினால் ஒரு சதவீதக் கஞ்சி. நேராகக் கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். கட்டிக்குள் நொதி புகாது. கஞ்சி நன்றாக ஆறட்டும். மருந்துக்கடை பொவிடோன் அயோடின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, வெள்ளைத் தட்டில் சொட்டுச் சொட்டாக வரிசை போட்டு வைக்கவும். வாயை இரண்டு தடவை கொப்பளித்துவிட்டு எச்சில் ஒரு மில்லி எடுத்து ஒன்பது மில்லி தண்ணீரில் கலக்கவும். கஞ்சி ஐந்து மில்லிக்கு இந்த எச்சில் நீர் ஒரு மில்லி. கலந்த நொடியிலிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து அயோடினில் விடவும்.

முதல் சொட்டு கருநீலம். அமைலோஸ் சங்கிலி சுருள்வில்லாக முறுக்கிக்கொள்ளும், ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ். அந்தச் சுருளின் குழாய்க்குள் அயோடின் அணுக்கள் வரிசையாக உட்காரும்போது பிறக்கிற நிறம் அது. போகப்போக ஊதா, பிறகு செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள். எச்சிலிலுள்ள அமைலேஸ் என்ற நொதி சங்கிலியை நடுநடுவே வெட்ட வெட்ட, சுருள் குட்டையாகி அயோடினைப் பிடிக்க முடியாமல் போகிறது. முடிவில் கிடைப்பது பெரும்பாலும் மால்டோஸ், அதாவது இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த சர்க்கரை. குளுக்கோஸ் என்று எழுதி மதிப்பெண் இழக்கிறவர்கள் ஏராளம். எச்சில் அமைலேஸ் 1-4 முடிச்சைத்தான் வெட்டும். 1-6 கிளையைத் தொடாது. மால்டோஸை இரண்டாகப் பிரிப்பதும் கிளையை வெட்டுவதும் சிறுகுடல் சுவரில் இருக்கும் வேறு நொதிகளின் வேலை.

இந்தச் சோதனை கெட்டுப்போகிற இடங்கள் சில உண்டு. கஞ்சி சூடாக இருந்தால் அயோடின் நீலமே காட்டாது. சூட்டில் சுருள் பிரிந்துவிடும், ஆறினால் நீலம் திரும்பி வரும். அதை நொதியின் வேலை என்று எழுதிவிடக் கூடாது. எச்சிலை நீர்க்காமல் ஊற்றினால் முதல் சொட்டு எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அமிலத்தில் நொதி நின்றுபோகும் என்று காட்ட எலுமிச்சைச் சாறு பிழிவதுதான் பெரிய தப்பு. அதிலுள்ள வைட்டமின் சி அயோடினை அயோடைடாக மாற்றி நிறத்தை அழித்துவிடும். நொதி நின்றிருக்கும், ஆனால் மாவு தீர்ந்துபோனதுபோலத் தெரியும், முடிவு தலைகீழாகிவிடும். வெள்ளை வினிகர் போதும். கொதிக்கவைத்து ஆறவைத்த எச்சிலில் ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். கொதியில் நொதி செத்திருப்பதால் அதில் கடைசிவரை நீலம் மாறக் கூடாது.

வெப்பத்தின் விளைவைப் பார்க்க ஐஸ் கட்டிகூடத் தேவையில்லை. சித்திரை மதியம் சேலம் நகரத்து அறை 37 டிகிரியை ஒட்டி நிற்கும், அது நம் உடம்பின் சூடு. மார்கழி இரவு ஏற்காட்டில் 15 டிகிரியைத் தொடும். இந்த வகை நொதி வினைகள் பத்து டிகிரி இறங்கினால் ஏறக்குறைய பாதி வேகத்துக்கு வந்துவிடும்; ஆகவே மலைமேல் நிறம் மறைய நான்கு மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுமே, கஞ்சி வேகுமா என்ற சந்தேகம் வேண்டாம். குச்சிக்கிழங்கு மாவு 60, 70 டிகிரிக்குள்ளேயே ஊதிப் பசையாகும்.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசியும் இந்தப் பசையாகும் குணத்தை நம்பித்தான் இருக்கிறது. ஈரமாவைக் குலுக்கி உருட்டி, எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுக்கும்போது மணியின் மேல்தோல் மட்டும் பசையாகி இறுகுகிறது, உள்ளே பச்சைமாவு அப்படியே இருக்கிறது. ஊறவைக்காமல் பாயசத்தில் போட்டால் நடுவில் வெள்ளைக் கண் நிற்பது அதனால்தான். நைலான் ஜவ்வரிசியை ஆவியில் வேகவைத்துக் காயவைக்கிறார்கள், அதனால் கண்ணாடிபோல் இருக்கும்.

மூன்றாவது முடிச்சான லினமாரினில்தான் உயிரணுவின் கெட்டிக்காரத்தனம் தெரியும். அது உயிரணுவுக்குள் வாக்குவோல் பையில் கிடக்கிறது. அதை அவிழ்க்கும் லினமாரேஸ் நொதி வெளியே செல்சுவரில் இருக்கிறது. கிழங்கு முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. எலி கடித்தாலோ கத்தி பட்டாலோ பை கிழியும், முடிச்சு அவிழும், குளுக்கோஸ் ஒரு பக்கம் போகும். மீந்த சயனோஹைட்ரின் தானாகவே அசிட்டோனாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும் பிரியும். லினமாரினின் மூலக்கூறு எடை 247, ஹைட்ரஜன் சயனைடு 27. அதாவது ஒன்பது மில்லிகிராம் லினமாரினுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் சயனைடு. கிலோவுக்கு 50 மில்லிகிராம் சயனைடுக்குக் குறைந்ததை இனிப்புக் கிழங்கு என்கிறார்கள். கிழங்கு மாவுக்கு உலக உணவுத்தர வரம்பு 10. தோலில் சதையைவிட அதிகம். தண்ணீரில்லாமல் காய்ந்த வருடம் எல்லாக் கிழங்கிலும் ஏறும்.

சமையலில் நடக்கும் தவறும் இங்கேதான். பெரிய துண்டுகளைக் கொதிக்கிற தண்ணீரில் தூக்கிப் போட்டால், லினமாரேஸ் வேலை தொடங்கும் முன்பே வெந்து செத்துப்போகும். லினமாரின் சூட்டுக்கு எளிதில் அசையாது, அது அப்படியே தட்டுக்கு வரும். உள்தோல் வரை உரித்து, சிறு துண்டாக நறுக்கி, நிறையப் பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்ற வேண்டும். நொதிக்கு அவகாசம் கிடைக்கும், கரையக்கூடிய லினமாரினும் தண்ணீருக்குள் இறங்கும். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை 26 டிகிரிதான், ஆகவே மூடியைத் திறந்தே வைத்தால் ஆவியாகிப் போய்விடும். வெந்த தண்ணீரைக் குழம்புக்குச் சேர்க்காமல் கொட்டிவிட வேண்டும். ஆலையில் கிழங்கைக் கூழாக அரைத்து, பல தடவை தண்ணீர் விட்டு அலசி, மாவைத் தெளியவைத்து, வெயிலிலும் காயவைப்பதால் ஜவ்வரிசியில் இந்தக் கவலை மிகக் குறைவு.

சயனைடு கொல்வது எப்படி? மைட்டோகாண்ட்ரியாவில் மின்னணுக்களை ஆக்ஸிஜனிடம் ஒப்படைக்கிற கடைசி நொதி சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ். அதன் ஹீமில் உள்ள இரும்பைச் சயனைடு பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைய இருக்கும், உயிரணுவால் அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே சிரை இரத்தம்கூடச் செக்கச்செவேலென்று இருக்கும். சிறிய அளவு உள்ளே போனால் உடம்பு தானே சமாளிக்கும்: ரோடனேஸ் என்ற நொதி சயனைடில் கந்தகத்தைச் சேர்த்துத் தயோசயனேட்டாக்கி சிறுநீரில் அனுப்பிவிடும். அந்தக் கந்தகம் புரதத்திலுள்ள சிஸ்டீன், மெத்தியோனினிலிருந்து வர வேண்டும். கிழங்கு மட்டுமே தின்று பருப்பு, மீன், முட்டை இல்லாமல் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். கேரளத்தில் கிழங்கும் மீனும் ஒரே தட்டில் வருவது வேதியியல்படியும் சரியான சேர்க்கை. தயோசயனேட் தைராய்டுக்குள் அயோடின் போகும் வழியை மறிக்கும் என்பதால் அயோடின் கலந்த உப்பும் வேண்டும்.

ஆடுமாட்டுக் கதை வேறு. அவற்றின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளுக்குப் பீட்டா முடிச்சை அவிழ்க்கத் தெரியும். நமக்குச் சக்கையான திப்பி அவற்றுக்குத் தீனியாவது அதனால்தான். அந்த நுண்ணுயிரிகள் லினமாரினின் பீட்டா முடிச்சையும் விடுவதில்லை. செடியின் நொதி தேவையே இல்லை, குச்சிக்கிழங்கின் பச்சைத் தழை உள்ளே போன சில நிமிடங்களில் சயனைடு கிளம்பிவிடும். பட்டினியாக இருந்த ஆடு அறுவடைக் காட்டில் புகுந்தால் மூச்சிரைத்து, தள்ளாடி விழும். கால்நடை மருத்துவர் வந்து நரம்பில் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் போட வேண்டும்: முதலாவது ஹீமோகுளோபினின் இரும்பை மாற்றிச் சயனைடைத் தன் பக்கம் இழுக்கும், இரண்டாவது ரோடனேஸுக்குக் கந்தகம் கொடுக்கும். விழுந்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டால் அதற்குக் கிடைப்பது நிமிடங்கள்தான், ஆகவே தழை தின்றது தெரிந்ததுமே மருத்துவரை அழைத்துவிடுங்கள். தழையைத் தீனியாக்கியே தீர வேண்டுமென்றால் பொடியாக நறுக்கி, மெல்லிசாகப் பரப்பி, கையில் நொறுங்கும்வரை வெயிலில் காயவிடுங்கள். அரைகுறையாக வாடிய தழையைப் பட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.