நுவரெலியாவில் காலை ஓட்டம்

விடுமுறைக்கு நுவரெலியா வரும் உறவினர்கள் ஓடுவதற்கு நல்ல பாதை கேட்டால், கிரகரி வாவியைச் சுற்றி, குதிரைப் பந்தயத் திடலின் ஓரமாக வந்து, விக்டோரியா பூங்காவின் மரநிழலில் முடியும் வழியையே நான் சொல்வேன். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்ட அந்த வாவியின் மேல் பனிமூட்டம் விலகத் தொடங்கும் வேளையே ஓடுவதற்கு மிக உகந்தது. ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம் என்பதால், கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு முதல் நாள் மூச்சு வாங்கும், மெதுவாகவே ஓடுங்கள்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் (நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்) தயவுசெய்து நடந்து செல்லுங்கள். குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து வரும் காஷ்மீர் ஈபிடிப்பான், தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சளாக மின்ன, கிளையிலிருந்து பாய்ந்து பூச்சியைக் கவ்வுவதையும், ஆறுமணிக்குருவி ஈரச் சருகுகளைக் கிளறி இரை தேடுவதையும் காலடிச் சத்தம் அடங்கினால்தான் காணலாம்.