ஏரிக்கரை மட்டை வண்டி: மார்கழி, தை நாட்குறிப்பு

டிசம்பர் 16, 2024, திங்கள்

மார்கழி பொறந்தாச்சு. காலைல அஞ்சு மணிக்கு தெருமுனை பெருமாள் கோயில்ல திருப்பாவை போட்டாங்க, எழுந்து கதவ தொறந்தா எதிர் வூட்டு மாடி கூட தெரியல, அவ்ளோ பனி. வேலூர்ல குளிரான்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க, வெயிலுக்கு பேர் போன ஊரு தான், ஆனா மார்கழி தையில சத்துவாச்சாரில வந்து ஒரு நாள் தங்கினா தெரியும், மப்ளர் சுத்தாம பால் வாங்க போக முடியாது.

பெரியவ ஒரு வீடியோ அனுப்பி இருந்தா. அவ கனடாவுல எட்மண்டன்ல இருக்கா. பேரனுக்கு அஞ்சு வயசு. செவப்பு பிளாஸ்டிக் தட்டு மாதிரி ஒன்னுல குந்திக்கினு ஒரு பனி மேட்டுல இருந்து சர்ருன்னு கீழ வரான், தலைல ஹெல்மெட், மூக்கு மட்டும் தான் வெளிய தெரியுது. கீழ மாப்பிள்ளை ரெண்டு கையும் விரிச்சிக்கினு நிக்கறாரு. அரை நிமிஷ வீடியோ, இருபது வாட்டியாவது பாத்திருப்பேன். கீழ ஒரே வரி எழுதி இருந்தா, "நைனா, நம்ம ஏரிக்கரை மட்டை வண்டி ஞாபகம் இருக்கா?"

இருக்காவா! தென்னமட்டைல குந்திக்கினு ஏரிக்கரைல சறுக்கினது மறக்குமா! மனசுல இருக்கிறது எல்லாத்தையும் பொங்கலுக்குள்ள எழுதி வச்சிடணும்னு இன்னைக்கு உக்காந்துட்டேன்.

டிசம்பர் 18, புதன்

எங்க ஊரு காவேரிப்பாக்கம் பக்கம். நான் பொறந்தப்ப வட ஆற்காடு, 1989ல அத ரெண்டா பிரிச்சாங்க, 2019ல வேலூரையும் மூணா பிரிச்சு இப்ப ராணிப்பேட்டை மாவட்டம். காவேரிப்பாக்கம் ஏரின்னா எல்லாருக்கும் தெரியும், மூணாம் நந்திவர்ம பல்லவன் காலத்துது. எங்க ஊரு ஏரி அதுக்கு முன்னாடி குழந்தை மாதிரி, ஆனாலும் ரெண்டு மதகு, ஏரி நெறஞ்சா தண்ணி வழியறதுக்கு கோடி ஒன்னு, கரை மேல வரிசையா பனைமரம்.

புள்ளைங்க சின்னதா இருந்தப்ப நான் ராணிப்பேட்டைல ஒரு ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. வருஷம் முழுக்க புள்ளைங்க தூங்கும்போது நான் முழிச்சிருப்பேன், அதுங்க ஸ்கூல் போகும்போது நான் தூங்குவேன். பொங்கலுக்கு மட்டும் போகில இருந்து காணும் பொங்கல் வரைக்கும் நாலு நாள் லீவு கெஞ்சி வாங்கிடுவேன். வேலூர்ல இருந்து வாலாஜா, அங்க எறங்கி காவேரிப்பாக்கம் பஸ், அப்புறம் நடை. பஸ் ஏறினதுல இருந்து சின்னவன் கேக்கற ஒரே கேள்வி, "ஆயா மட்டை வெட்டி வச்சிருக்குமா நைனா?"

எங்க அம்மா எந்த வருஷமும் வெட்டி வைக்காம இருந்ததில்ல.

டிசம்பர் 22, ஞாயிறு

மட்டை வண்டி எப்படி செய்யறதுன்னு பெரியவ கேட்டா, அவ புருஷன் கிட்ட சொல்லணுமாம். எழுதறேன்.

தென்னமட்டை தான். தானா விழுந்து காஞ்சு போனது ஆகாது, பொளந்துக்கும். முழு பச்சையும் ஆகாது, கனமா இருக்கும். மரத்துல பழுத்து மஞ்சளாகி நாளைக்கு விழுமா நாளன்னைக்கு விழுமான்னு தொங்குமே, அத வெட்டணும். மரத்த ஒட்டி இருக்கிற அடிப்பக்கம் அகலமா, மேல குழிஞ்சு, அடில வளைஞ்சு இருக்கும், குந்தறதுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி. அந்த பக்கம் தான் முன்னாடி வரணும். ஓலைய கழிச்சிடணும், வாலுக்கு மட்டும் ஒரு முழம் விட்டா வண்டி திரும்பாம நேரா போகும். ரெண்டு ஓரமும் கத்தி மாதிரி இருக்கும், தொடைய கிழிச்சிடும், அதனால அருவாளால சீவிட்டு கருங்கல்லுல தேய்க்கணும். எங்க அம்மா தேய்ச்சிட்டு தன் உள்ளங்கைய ஒரு முனைல இருந்து மறு முனைக்கு இழுத்து பாக்கும், எங்கயாவது சிலாம்பு குத்துச்சுன்னா மறுபடியும் தேய்க்கும். அப்புறம் மேல ஒரு சாக்கு மடிச்சு போட்டு சணல்ல கட்டிடும்.

கரைல தண்ணி பக்கம் சறுக்கவே கூடாது, அங்க அலை அரிக்காம இருக்க கல்லு பதிச்சிருப்பாங்க. வயல் பக்கம் தான் சறுக்கணும், அந்த பக்கம் பூரா புல்லு. ஐப்பசி கார்த்திகை மழைல இடுப்பளவு வளந்து, மார்கழி கடைசில காஞ்சு, மாடு மேய்ஞ்சு மிதிச்சு படுத்துப்போய், தை பொறக்கும்போது பாய் விரிச்ச மாதிரி வழவழன்னு கெடக்கும். சித்திரை வைகாசில புல்லே இருக்காது, வெறும் மண்ணு, மட்டை நகராது. அதனால எங்களுக்கு வருஷத்துல அந்த நாலு நாள் தான். அதுலயும் காலைல பனி ஈரம் காய விடணும், ஈரப்புல்லுல மட்டை எந்த பக்கம் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும்.

இருபது அடி ஒசரம் இருக்கும் கரை. கீழ களத்துல இருந்து வைக்கோல் வாரியாந்து மெத்தை மாதிரி கொட்டி வைப்போம், தாண்டி போனா கசிவுத்தண்ணி நிக்கற சேறு. மேல எங்க அம்மா நின்னு முதுகுல கை வச்சு தள்ளும், கீழ நான் கைய விரிச்சிக்கினு நிப்பேன். மட்டை கெளம்பினதும் பெரியவ கண்ண மூடிக்குவா, சின்னவன் வாய தொறந்துக்கினே வருவான், வாயெல்லாம் புல்லு. எண்ணி அஞ்சு செகண்ட் இருக்குமா அந்த சறுக்கல்? அதுக்கு ரெண்டும் மட்டைய இழுத்துக்கினு அந்த கரைய நாப்பது வாட்டி ஏறுங்க. ஏறும்போது தான் ஸ்கூல் கதை, டீச்சர் கதை, யார் யார் கூட காய் விட்டாங்கன்னு எல்லாம் வெளிய வரும். வருஷம் பூரா எனக்கு தெரியாம போன புள்ளைங்க பேச்ச நான் அந்த கரை மேல தான் கேட்டேன். ராத்திரி எங்க அம்மா பனங்கிழங்கு அவிச்சு உரிச்சு குடுக்கும், பாதி கிழங்கு கைல இருக்கும்போதே ரெண்டும் தூங்கிடுங்க.

டிசம்பர் 24, செவ்வாய்

மேல எழுதினத படிச்சிட்டு பெரியவ போன் பண்ணா. அங்கயும் அப்படி தானாம் நைனா, புதுசா விழுந்த பனி பஞ்சு மாதிரி, தட்டு உள்ள புதைஞ்சிடும், நாலு பேரு சறுக்கி சறுக்கி அமுக்கி விட்டா தான் ஓடுமாம். மைனஸ் இருபதுக்கு கீழ போயிட்டா பனி மணல் மாதிரி ஆயிடுமாம், வழுக்கவே வழுக்காதாம். புல்லுக்கு ஒரு பக்குவம் இருக்கிற மாதிரி பனிக்கும் ஒரு பக்குவம் இருக்கு. நாலேகால் மணிக்கெல்லாம் அங்க சூரியன் எறங்கிடுதாம், சனி ஞாயிறு மத்தியானம் விட்டா நேரமே இல்லன்னா.

டிசம்பர் 29, ஞாயிறு

இன்னைக்கு எழுத மனசு வரல, ஆனா எழுதலன்னா மத்தது எழுதினதுக்கு அர்த்தம் இல்ல.

1999 காணும் பொங்கல். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். எங்க அம்மா போதும்னு வூட்டுக்கு போயிடுச்சு. சின்னவன் ஒரே ஒரு வாட்டி நைனா, ஒரே ஒரு வாட்டின்னு கைய புடிச்சிக்கினான், அவனுக்கு எட்டு வயசு, மறுநாள் ஊருக்கு கெளம்பணும், நானும் சரின்னுட்டேன். பனி எறங்க ஆரம்பிச்சு புல்லு ஈரமாயிட்டது எனக்கு தெரியும், காலுல பட்டுச்சு, தெரிஞ்சே தான் விட்டேன். பாதி வழில மட்டை பக்கவாட்டுல திரும்பிடுச்சு, கரை சரிவுல ஒரு பழைய பனங்கட்டை நிக்கும், அதுல போய் மோதினான். சத்தம் கூட போடல புள்ள. எழுந்து நின்னு வலது கைய இடது கையால தாங்கிக்கினு என்னைய பாத்தான். மணிக்கட்டு வளைஞ்சு இருந்துச்சு.

மறுநாள் சோளிங்கர், திருத்தணி, நகரி வழியா புத்தூர் கட்டுக்கு இட்டுக்கினு போனோம், எங்க பக்கத்துல எலும்பு முறிஞ்சா அங்க தான் போறது. பச்சிலை அரைச்சு வச்சு, முட்டை வெள்ளக்கரு தடவி, மூங்கில் பத்தை வச்சு கட்டினாங்க. பஸ்சுல வரும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் என் சட்டைய புடிக்கறான். கை நல்லா கூடிடுச்சு, பின்னாடி கிரிக்கெட்டெல்லாம் ஆடினான். நான் தான் தேறல.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு போனப்ப ஏரிக்கரைல கட்டுவிரியன் இருக்குன்னு புள்ளைங்க கிட்ட பொய் சொன்னேன். அதுங்களும் மறுபேச்சு பேசல. ஒரு நாள் நான் மட்டும் தனியா அந்த பக்கம் போனேன், அந்த பனங்கட்டைல யாரோ மஞ்ச துணி சுத்தி கட்டி இருந்தாங்க. ஏதோ வேண்டுதல் போலன்னு கைகூப்பி கும்பிட்டுட்டு வந்தேன், என் புள்ள கைய காப்பாத்துனதுக்கு.

இருபத்தஞ்சு வருஷமா எனக்கு ஒரே எண்ணம், ஒரு நிமிஷம் யோசிக்காம விட்டதுக்கு ரெண்டு புள்ளைங்களோட சந்தோஷத்த புடுங்கிட்டோமேன்னு.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

காலைல ஏழரைக்கு வீடியோ கால், பெரியவளுக்கு அங்க சனிக்கிழமை ராத்திரி ஏழு மணி, சின்னவன் சென்னைல இருந்து. போன வாரம் எழுதினத ரெண்டு பேரும் படிச்சிருக்காங்க. நானே ஆரம்பிச்சேன், பாம்புன்னு சொன்னது பொய் தான்டா, மனசுல வச்சிக்காதீங்கன்னேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் பெரியவ சொன்னா, "தெரியும் நைனா. ஆயா அன்னைக்கே சொல்லிடுச்சு."

எனக்கு புரியல. சின்னவன் தான் சொன்னான். நான் நைட் ஷிஃப்ட் பழக்கத்துல மத்தியானம் சாப்ட்டு ரெண்டு மணிக்கு படுத்தா அஞ்சு மணிக்கு தான் எழுவேன். நான் கொறட்டை விட ஆரம்பிச்சதும் எங்க அம்மா ரெண்டையும் பின்வாசல் வழியா இட்டுக்கினு போயிடுமாம். "உங்க நைனா பயந்து போயிருக்கான், அவன் பயத்த கெடுக்க வேணாம், உங்க ஆட்டத்தையும் கெடுக்க வேணாம்"னு சொல்லுமாம். முன்னாடி கோல வச்சு புல்ல தட்டிக்கினே போகுமாம். வெயில் பனைமரத்துக்கு மேல இருக்கிற வரைக்கும் தான் ஆட்டம், மரத்துக்கு கீழ எறங்கிட்டா மட்டைய பொதர்ல ஒளிச்சு வச்சிட்டு வூடு. அப்படி 2000, 2001, 2002, மூணு பொங்கல். அதுக்கு அப்புறம் மழை இல்லாம ஏரி வத்திடுச்சு, புல்லும் மொளைக்கல, பெரியவளுக்கு பத்தாவது வந்துடுச்சு, தானா நின்னு போச்சு.

"அந்த பனங்கட்டை?"ன்னேன்.

"ஆயா தான் நைனா, சுத்தி வைக்கோல் திணிச்சு தன்னோட பழைய மஞ்ச பொடவைய கட்டி வச்சிருந்துச்சு. இன்னொரு வாட்டி மோதினாலும் அடிபடக் கூடாதுன்னு."

போன எங்க வூட்டம்மா கிட்ட குடுத்துட்டு வெளிய வந்து படில குந்திட்டேன். நான் கும்பிட்டது எங்க அம்மா பொடவைய. அம்மா போய் பதினஞ்சு வருஷம் ஆச்சு, 2009ல. கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலியே.

ஜனவரி 11, சனி

சின்னவன் போகிக்கு வரானாம், மருமக, பேத்தி எல்லாம். ஊருக்கு போன் பண்ணி கேட்டேன், ஃபெஞ்சல் புயல் மழைல ஏரி நெறஞ்சு கோடி போச்சாம், இன்னும் தண்ணி தளும்ப நிக்குதாம். அப்போ புல்லும் இருக்கும்.

எங்க வூட்டம்மா கேட்டாங்க, "ஏங்க, முட்டிவலிய வச்சிக்கினு கரை ஏற முடியுமா உங்களால?" ஏறுவேன்னேன்.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

ஊர்ல இருந்து இப்ப தான் வந்தோம். மணி பத்து. தூங்கறதுக்குள்ள எழுதிடறேன்.

மட்டை கேக்க பக்கத்து தோப்புக்கார அம்மா வூட்டுக்கு போனேன், எண்பது வயசு இருக்கும் அவங்களுக்கு. எதுக்குன்னு கேட்டாங்க, சொன்னேன். "உங்கம்மா இந்த மூணாவது மரத்துல தான் பாத்து வச்சிட்டு போகும், பொங்கலுக்கு பத்து நாளுக்கு முன்னாடியே வந்து சொல்லிடும், அந்த மட்டைய யாருக்கும் குடுக்காதேன்னு"ன்னாங்க. அதே மரம் இன்னும் இருக்கு, ரொம்ப ஒசந்துடுச்சு. அவங்க பையன் ஏறி ஒன்னு தள்ளி விட்டான். களத்து கல்லுலயே தேய்ச்சேன். தேய்ச்சிட்டு உள்ளங்கைய இழுத்து பாத்தேன், ரெண்டு எடத்துல குத்துச்சு, மறுபடியும் தேய்ச்சேன்.

பனங்கட்டை இப்ப இல்ல. அது நின்ன எடத்துல ஒரு சின்ன குழி, அதுல தும்பை மொளைச்சு பூத்திருக்கு. சின்னவன் அந்த எடத்த பேத்திக்கு காட்டி, மணிக்கட்ட திருப்பி திருப்பி காட்டி என்னவோ சொல்லிக்கினு இருந்தான்.

அப்புறம் அவன் வைக்கோல் கிட்ட எறங்கி கைய விரிச்சிக்கினு நின்னான். நான் நின்ன அதே எடம். எனக்கு மேல தான் எடம் இருந்துச்சு. பேத்தி மட்டைல குந்திக்கினு, சணல ரெண்டு கைலயும் இறுக்கி புடிச்சிக்கினு, திரும்பி பாக்காமயே "தாத்தா தள்ளு"ன்னா. முதுகுல கை வச்சேன், சின்ன முதுகு, சூடா இருந்துச்சு, படபடன்னு அடிச்சிக்குது. தள்ளுனேன்.

நாலு வாட்டி போனதும் அவ கேட்டா, போதுமா தாத்தான்னு. நிமிந்து பாத்தேன், வெயில் பனைமரத்துக்கு மேல தான் இருந்துச்சு. இன்னும் நேரம் இருக்குடா கண்ணு, ஏறி வான்னேன்.