அடுப்பு மூட்டாமல் ஒரு தாம்பாளம்

1964இல் இலங்கையும் இந்தியாவும் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபோது, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த எங்கள் குடும்பமும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார், கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரி. எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் இருந்தே அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கொழுந்து கிள்ள யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் பழகுவதுதான் பெரிய பாடு.

கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை விடாமல் பிடிக்கும். விறகெல்லாம் நனைந்து, ஊதி ஊதிக் கண்தான் எரியும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) படுகர் வீட்டு அக்கா யாராவது படியேறி வருவார். “உக்காருங்கக்கா, இந்தா வந்துட்டேன்” என்று அம்மா உள்ளே போவார். தேயிலைத் தண்ணி கொதிக்க நேரமாகும். அதுவரை வெறுங்கையோடு உட்கார வைக்க மனசு வராது. அடுப்பு இல்லாமல் என்ன கொடுக்கலாம் என்று யோசித்து வந்ததுதான் எங்கள் வீட்டுத் தாம்பாளம்.

நடுவில் ஒரு சிரட்டை (கொட்டாங்குச்சி) நிறைய தேங்காய்ச் சம்பல். காய்ந்த மிளகாய், உப்பு, சின்ன வெங்காயத்தை அம்மியில் நசுக்கி, துருவிய தேங்காயைப் போட்டு, செக்கச்செவேல் என்று வரும்வரை குழவியை ஓட்டி எடுத்து, கடைசியில் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிய வேண்டும். சிலோனில் மாசிக் கருவாடு போடுவோம். இங்கே கிடைப்பது அரிது. சைவம் சாப்பிடும் விருந்தாளிக்கு அது இல்லாததே வசதி. மிக்ஸியில் அரைத்தால் துவையலாகிவிடும், சம்பல் ஆகாது.

சுற்றி வைப்பதெல்லாம் இந்த மலையில் விளைந்தது. கேரட்டை விரல் நீளத்துக்குச் சீவி, முள்ளங்கியைக் கண்ணாடி மாதிரி வட்டமாக நறுக்கி, இரண்டையும் குழாய்த் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைப்பேன். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஐஸ் எதற்கு? முள்ளங்கியின் காரமும் இறங்கும், கடித்தால் நறுக்கென்றும் இருக்கும். பட்டர் ஃப்ரூட் துண்டுகளில் உடனே தேசிக்காய்ச் சாறு தடவாவிட்டால் கறுத்துவிடும். பேரிக்காய் நாட்டுக்காயாக, கெட்டியாக இருக்க வேண்டும். மிளகாய்த்தூளும் உப்பும் தூவினால் அன்னாசியையே மறக்கலாம். வெள்ளரிக்கு மட்டும் உப்பைத் தொட்டுக்கொள்ளத் தனியாக வைப்பேன், முன்பே போட்டால் தண்ணீர் விட்டுத் தட்டெல்லாம் குளமாகிவிடும்.

பீட்ரூட் ஒரு வம்பு. எதன் பக்கத்தில் வைத்தாலும் அதற்குச் சாயம் ஏற்றிவிடும். லெட்டூஸ் இலையைக் கிண்ணம் போலக் குவித்து, துருவிய பீட்ரூட்டை அதற்குள் அடக்கி, தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவேன். வெள்ளை முள்ளங்கி எதிர்ப்பக்கம். மே மாதமானால் இரண்டுக்கும் நடுவே பிளம்ஸ்.

அடுக்கும் பைத்தியம் எனக்குக் கோத்தகிரி நேரு பூங்காவில் பிடித்தது. வருஷாவருஷம் கோடையில் அங்கே நடக்கும் காய்கறிக் கண்காட்சியில் காயாலேயே மிருகம், பறவை எல்லாம் செய்து நிறுத்தியிருப்பார்கள். அதெல்லாம் பார்க்கத்தான். வீட்டுக்கு வருகிறவர் கை வைக்கத் தயங்கும் அளவுக்கு அழகாக அடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அதனால் வாசல் பக்கம் பார்த்த ஓரத்தில் நாலு கேரட்டை வேண்டுமென்றே கலைத்துவைப்பேன், முதல் கை அங்கேதான் நீளும்.

இப்போது மருமகள் சீஸ் துண்டுகளையும் சேர்க்கிறாள். “நல்லாருக்கும் அத்தை, பாருங்க” என்றாள். சம்பலோடு தொட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன், மோசமில்லை. ஆனால் சிரட்டையை எடுத்துவிட்டுப் பீங்கான் கிண்ணம் வைக்கலாம் என்றபோதுதான் முடியாது என்றுவிட்டேன்.